மூடிய கதவுக்குள் முதலாளி

லேத் பட்டறையின் ஆபீஸ் அறையில் அன்று மாலை இருந்தவர்கள் முதலாளி, மேஸ்திரி, வெல்டர் ஆகிய மூவர்தான். ஒட்டுக்கேட்க வேறு யாரும் இல்லை.

"இந்த மாசத்தோட பட்டறையை மூடிடறேன்" என்றார் முதலாளி, மேஜையைப் பார்த்தபடி.

"பொண்ணை இப்பதான் காலேஜ்ல சேர்த்திருக்கேன். நடு ஆத்துல இறக்கி விடுறீங்களே, முதலாளி!" என்றார் வெல்டர்.

"ஆர்டரே இல்லப்பா. நான் என்ன பண்ணட்டும்?"

வெல்டர் திரும்பினார். "மேஸ்திரி, நீங்களாவது சொல்லுங்க. உங்க வயசுக்கு இனிமே எவன் வேலை குடுப்பான்?"

மேஸ்திரி கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார். "முதலாளி யோசிக்காம சொல்ல மாட்டார்."

"நல்ல தலையாட்டி பொம்மை!" என்று சொல்லிவிட்டு வெல்டர் வெளியேறினார்.

மேஸ்திரி கதவைச் சாத்தினார். முதலாளி முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

"எழுந்திருடா" என்றார் மேஸ்திரி.

அந்த அறையில் முதலாளியை அப்படி யாரும் அழைத்ததில்லை.

"அண்ணே, கூடப் பொறந்த உன்னையும் சேர்த்துத் தெருவுல நிறுத்திட்டேனே."

"படிச்சவன்னு அப்பா உன்னை நாற்காலியில உக்கார வச்சார். பட்டறைக்குள்ள உன்னை முதலாளின்னுதான் கூப்பிடணும்னு என்கிட்ட சொன்னார். கூப்பிட்டாச்சு, போதும். நாளைக்கு வெல்டருக்கும் எனக்கும் வேலை தேடிப் போறேன், நீயும் வா. லேத் பிடிக்க மறந்திருக்க மாட்டே."

அண்ணன் தம்பி சண்டையில்தான் பட்டறை மூடியது என்று ஊரில் ஒரு பேச்சு. அது பொய். ஆர்டர் வரவில்லை, மூடினார்கள். கதவைச் சாத்திப் பேசிய மறுநாள் காலையிலேயே இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் வேலை கேட்கப் போனார்கள்.