கரகரப்பு

“இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்க தம்பி” என்றார் சிவசாமி. நாகலெட்சுமி இன்னொருமுறை சொன்னாள்: “கல்யாணம்.” கொஞ்சமும் அலுத்துக்கொள்ளாமல், முன்பு சொன்ன அதே இழுப்போடு சொன்னாள்.

“போதுங்களா ஐயா?” என்று துஷாந்த் கீபோர்டு கட்டையிலிருந்து விரலை எடுத்தான். நாகலெட்சுமி பாதி வார்த்தையில் நின்றுபோனாள். குவைத்தில் செத்துப்போன பெண்டாட்டியை ஹட்டன் டவுனில் ஒரு மாடி அறையில் வைத்துப் பேசவிட்டுக்கொண்டிருக்கிறோமே என்று சிவசாமி தன்னையே நொந்துகொண்டார்.

அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. மகள் சுலக்ஷனா, “அம்மா ஒரு வார்த்த சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றே இரண்டு வருடமாகக் கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இறம்பொடை மாப்பிள்ளை வீட்டார் பொறுமை தீர்ந்துபோய், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான், நாகலெட்சுமியைப் போலவே குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய காளியாயியைப் போன மாதம் பஸ் ஸ்டாண்டில் கண்டார். “நாகலெட்சுமியக் காப்பாத்த முடியலண்ணே” என்று அவள் அழுதாள். எப்போது, எப்படி என்று கேட்காமலே அவர் பஸ் ஏறிவிட்டார். மகளிடம் சொல்லவும் துணிவில்லை. தாய் இல்லை என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை மணவறைப் பக்கமே போகாது என்று பயந்தார்.

நாகலெட்சுமி இரண்டாயிரமாம் ஆண்டில் போனவள். ஆறு வருடம் ஓடிவிட்டது. வேலை செய்யும் வீட்டில் போன் பேச விடமாட்டார்களாம். சிவசாமிக்கோ எழுத்து வாசனை கிடையாது; வருகிற கடிதமெல்லாம் வாசிப்பது சுலக்ஷனாதான். அதனால் நாகலெட்சுமி கேசட்டில் பேசி, ஊர் திரும்புகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவாள். மகள் டவுனுக்குப் போய் வாங்கி வருவாள்.

அப்படிச் சேர்ந்த எட்டு கேசட்டிலிருந்தும் கல்யாணத்துக்கு ஒரு சம்மதப் பேச்சை ஒட்டி எடுக்கலாம் என்றுதான் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். திருவிழா அறிவித்தல்களும் உள்ளூர்ப் பாட்டுகளும் பதிவு செய்கிற துஷாந்த், அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வேண்டிய வார்த்தைகளை வெட்டி, கட்டைக்கு ஒன்றாக வைத்தான்.

“மொத ரெண்டு கேசட்டும் சுத்தமா இருக்குங்க. மிச்சம் ஆறுலயும் பின்னால ஒரு எரச்சல். கூடுது, கொறையுது. மழ பேஞ்ச மாதிரி.”

“மழதான் பேஞ்சிருக்கும் தம்பி” என்றார் சிவசாமி. வட்டவளைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையில் பிறந்தவர் அவர். தகரக் கூரையில் மழை விழாத ஊர் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இரைச்சலைத் துடைத்துப் பார்த்தால் குரல் யாரோ எவரோ மாதிரி இருந்தது. வார்த்தைகளும் ஒன்றோடொன்று ஒட்டாமல் முறைத்துக்கொண்டு நின்றன. துஷாந்த் தலையைச் சொறிந்தான். பிறகு கம்ப்யூட்டரில் வேறொன்றைத் திறந்தான்.

“இது ப்ளக்-இன்னுங்க. அந்தக் காலத்துல சாம்ப்ளர்னு ஒரு பெட்டி இருந்துச்சு. சத்தத்த உள்ள வாங்கிக்கிட்டு, கட்டைய அமுக்குனா திருப்பிக் குடுக்கும். குடுக்கும்போது கரகரன்னு ஆக்கிடும். அந்தப் பெட்டிய இப்ப எங்க போய்த் தேடுறது? அதோட கரகரப்ப மட்டும் இது செஞ்சு குடுக்குது.”

திரையில் ஒரு குமிழைத் திருப்பினான். எட்டு கேசட்டின் வார்த்தைகளும் ஒரே கரகரப்புக்குள் போய், ஒரே தொண்டையாக வெளியே வந்தன.

“சுலக்ஷனா, அம்மாவால வர முடியல. அப்பா சொல்றதக் கேளு. கல்யாணம் பண்ணிக்க. சந்தோசமா இரு.”

“இவதான் தம்பி. இவதான் என் பொஞ்சாதி” என்றார் சிவசாமி. செத்தவளையும் பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்று உட்கார்ந்த இடத்திலேயே அழுதார். துஷாந்துக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அந்தப் பேச்சைப் புதுக் கேசட் ஒன்றில் பதிந்து கொடுத்தான்.

மறுநாள் பின்னேரம் வேலை முடிந்து வந்த சுலக்ஷனாவிடம் அதை நீட்டினார். “அம்மா அனுப்பியிருக்கா தாயி. நானுஓயாப் பொம்பள ஒண்ணு கொண்டாந்து குடுத்துச்சு.”

மகளின் முகம் வெளுத்துப்போனது. வாங்குவதா வேண்டாமா என்று கை தயங்கியது. டேப்பில் போட்டுக் கேட்டாள். சுற்றி மறுபடியும் கேட்டாள். “அம்மாவால” என்று வந்த இடத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “சந்தோசமா இரு” என்று வந்தபோது அவள் உதடும் கூடவே அசைந்தது.

“ஒங்களுக்கு எப்பத் தெரியும்ப்பா?”

“என்னத்த?”

“அம்மா இல்லாதது.”

பொய் பிடிபட்டதைவிட, மகள் அழாமல் கேட்டதுதான் சிவசாமியைப் பயமுறுத்தியது. “போன மாசந்தான் தெரியும் தாயி. நீ தாங்கமாட்டேன்னு மறச்சேன். ஒனக்கு யாரு சொன்னா?”

“குவைத்துலருந்து கடிதாசி வந்துச்சு. நாலு வருசமாச்சுப்பா.”

“நாலு வருசமா? போன பொங்கலுக்குக்கூடப் பேசி அனுப்புனாளே?”

சுலக்ஷனா டேப்பை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் கட்டிக்கிட்டுப் போயிட்டா, ஒங்களுக்கு யாருப்பா அம்மாவாப் பேசி அனுப்புவா?”