கறை எடுத்த பச்சோந்தி

அநியாயம் நடந்தது யாழினிக்குத்தான். பாம்பு, முதலை, பச்சோந்தி என்று ஆறு வருடமாகத் தேடித்தேடிச் சேர்த்த வெளிநாட்டு ஸ்டாம்புகளில் பதினேழு, அவள் சாப்பிட்டு வருவதற்குள் வெளுத்துப் போயிருந்தன.

நாளைக்குக் கோவையில் கண்காட்சி. முதலிபாளையத்தில் அப்பாவின் பனியன் கம்பெனியில், செக்கிங் டேபிள் வெளிச்சத்தில் அடுக்கலாம் என்று ஆல்பத்தைக் கொண்டுவந்ததுதான் அவள் செய்த தப்பு.

"யாருங்க இதைத் தொட்டது?"

"நான்தான் பாப்பா." செக்கிங் மூக்கம்மாள், சிவகாசிப் பக்கத்துக்காரி. கையில் பனியன் கறை எடுக்கிற ஸ்ப்ரே கன். "ஒவ்வொண்ணுலயும் கருப்பா மை. நாளைக்கு அனுப்பணும்னு சொன்னீக. கறையோட போனா திருப்பி விட்ருவாகள்ல?"

"அது கறை இல்லீங்க்கா, போஸ்ட் ஆபீஸ் முத்திரை!"

"அதுக்காகப் பாம்பு மூஞ்சியிலயா குத்துவாக?"

யாழினிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மடகாஸ்கர் பச்சோந்திக்கு நிறமே இல்லை. கியூபா முதலைக்கு வாலைக் காணோம்.

சத்தம் கேட்டு அப்பா லிங்கசாமி வந்தார்.

"என்ன கண்ணு?"

"பாருங்கப்பா! விரல் பட்டாக் கெட்டுரும்னு நான் இடுக்கியில எடுத்து வெக்கிறேன். இவங்க கெமிக்கலை அடிச்சு வெச்சிருக்கறாங்க!"

மகள் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, கொஞ்சமாவது அறிவிருக்குதா உனக்கு? எத்தனை வீரியமான மருந்து அது! சாயத்தையே தின்னுபோடும். மேல பட்டாத் தோலு உரிஞ்சிரும்!"

சுற்றியிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மூக்கம்மாள் வாயே திறக்கவில்லை. அதுதான் யாழினிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. காலேஜ் பட்டிமன்ற மேடையில் எதிரணி இப்படி நின்றால் விடுவாளா அவள்?

"பேசாம நின்னா எப்படிங்க்கா? பதினோரு வருசமா இதைத்தான கையில வெச்சிருக்கறீங்க? இது என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியாதா? பதில் சொல்லுங்க!"

மூக்கம்மாள் ஸ்ப்ரே கன்னை மேசைமேல் வைத்தாள். வெறுங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"தெரியாது பாப்பா. கை எரியுது, இருமலும் நிக்கல, கிளவுசும் மாஸ்க்கும் வாங்கிக் குடுங்கன்னு போன மாசம் கேட்டேன். 'அது தண்ணி மாதிரிதான், ஒண்ணும் பண்ணாது'ன்னு உங்க அப்பாதான் சொன்னாக."