பன்னிரண்டு டின் தண்ணீர்

"பன்னெண்டு டின் வந்தாத்தான் மெசின் நகரும். இல்லேன்னா நீங்களே ஏறி ஓட்டிக்குங்க, கங்காணி."

சொல்லிவிட்டு டிராக்டர் சக்கரத்தின் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டான் டிரைவர் சன்னாசி. கங்காணி ராமையாவுக்கு அந்தத் தோட்டத்தில் யாரும் உட்கார்ந்தபடி பதில் சொன்னதில்லை. அவருக்குக் காது வரை சிவந்தது.

1926. மலாயாவில் சித்தியவானை அடுத்த அந்த ரப்பர் தோட்டத்தில் இரண்டு மாதமாக மழை எட்டிப் பார்க்கவில்லை. கிணற்றில் அடிமண் தெரிந்தது. ஊறுகிற கொஞ்ச நீரையும் காய்ச்சி, டிராக்டருக்கென்று பீப்பாயில் ஊற்றிப் பூட்டச் சொல்லியிருந்தார் துரை. அழுக்கு நீர் பட்டால் இயந்திரம் கெட்டுவிடுமாம். ஆட்களுக்குச் சதுப்பை ஒட்டிய வாய்க்கால் நீரே போதும் என்பது உத்தரவு. போன வெயில் காலத்தில் அதைக் குடித்துத்தான் ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஆறு பேர் பேதியில் போனார்கள். வீரம்மாவின் மூத்த மகளும் அதில் ஒருத்தி. ஆள் செத்தால் கப்பலில் வேறு ஆள் வரும், இயந்திரம் செத்தால் அவ்வளவு சுலபமா? துரையின் நியாயம் அப்படி.

உழவு மாடுகூட இவ்வளவு குடிக்காது என்று ராமையா தலைகீழாக நின்று பார்த்தார். சன்னாசி அசையவில்லை. இஞ்சின் கொதிக்கிறது, சந்தேகம் இருந்தால் மூடியைத் தொட்டுப் பாருங்கள் என்றான். ராமையா தொட்டார். கையை உதறிக்கொண்டு போய்ப் பீப்பாயின் பூட்டைத் திறந்துவிட்டார்.

டிராக்டர் உழுதுபோகிற மண்ணில் லாலாங் புல்லின் வேரைப் பொறுக்குவது பெண்களின் வேலை. டின்கள் வண்டியில் ஏறுவதை அவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீரம்மா முன்னால் வந்தாள். கைப்பிள்ளைக்கு நாக்கு வறள்கிறது, ஒரு சிரட்டை தண்ணீர் கொடு என்று கேட்டாள்.

"இது மெசினுக்கு வச்சது. ஒனக்கு இல்ல," என்றான் சன்னாசி சத்தமாக.

அவள் குனிந்து மண்ணை வாரி அவன் மேல் தூற்றினாள். "நீ நல்லா இருக்க மாட்டே," என்றாள்.

ராமையாவுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. திமிர் பிடித்தவன்தான், ஆனாலும் துரைக்கு விசுவாசமானவன் என்று அன்றைக்குப் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். மூன்று வாரம் இப்படியே போனது. சன்னாசி கேட்பான், ராமையா மல்லுக்கு நிற்பார், கடைசியில் பன்னிரண்டு டின்னும் காட்டுக்குப் போய்விடும்.

நாலாவது வாரம் துரைக்கே சந்தேகம் வந்தது. ஈப்போ பட்டறையிலிருந்து ஃபிட்டர் சவரிநாதனை வரவழைத்தார். காட்டில் வைத்தே டிராக்டரைச் சுற்றிப் பார்த்த சவரிநாதன், வெயில் எப்படிக் கொளுத்தினாலும் ஒரு நாளைக்கு நாலு டின்னுக்கு மேல் செலவாகாதே என்றார்.

அது போதும் ராமையாவுக்கு. அப்படியானால் மீதி எட்டு டின் களவு போகிறது, இன்றைக்கே இவனைப் போலீசில் கொடுக்கிறேன் என்று துரையைக் கூட்டிவர ஓடினார். பெண்கள் வேர் பொறுக்குவதை நிறுத்தினார்கள்.

சவரிநாதன் ரேடியேட்டரின் அடியில் இருந்த குழாயைத் திறந்தார். கறுப்பாகக் கொட்டியது நீர். கூடவே சேறும் அழுகிய இலையும் வந்து விழுந்தன. ஒரு சொட்டுக்கூடக் காய்ச்சிய நீர் இல்லை, அத்தனையும் வாய்க்கால் நீர்.

"காச்சின தண்ணியெல்லாம் எங்கப்பா?"

சன்னாசி அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"இரும்புக்குப் பேதி வராதுங்க. மனுசனுக்கு வரும்."

வீரம்மா வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அவள் பின்னால் மற்றப் பெண்களும் வந்து நின்றார்கள்.

"பன்னெண்டு டின்னும் நாங்கதான் குடிச்சோம். இந்த வருசம் லயத்துல ஒரு பொணம் விழல. அண்ணன் மேல மண்ணள்ளித் தூத்துனதெல்லாம் கங்காணி கண்ணுக்காக. போலீசுக்குச் சொல்லணும்னா எங்க எல்லாரையும் சேத்துச் சொல்லுங்க."

சவரிநாதன் குழாயை மூடினார். இனிமேல் வாய்க்கால் நீரை இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டி ஊற்று, இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும் என்று மட்டும் சன்னாசியிடம் முணுமுணுத்தார்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள் துரையும் ராமையாவும். சவரிநாதன் தொப்பியைக் கழற்றித் துரையிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். துரை தலையாட்டினார். ராமையாவுக்கும் விளங்கட்டும் என்று சவரிநாதன் அதையே தமிழிலும் சொன்னார்.

"நான் மொதல்ல சொன்னது தப்பு, கங்காணி. இந்த வெயிலுக்குப் பன்னெண்டு டின் பத்தாது, இருபது குடுங்க."