குஞ்சுப் பெட்டியில் இரண்டு வயர்கள்

கோழிக்குஞ்சுகளின் பெட்டிக்குள் கதகதப்புக்காக ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்கள் பின்னிக்கொண்டு அதற்கு இறங்கியிருந்தன.

"கரண்ட் இருக்கான்னு பாக்குற டெஸ்டர் என்னைத் தொட்டாத்தான் எரியுது. உன்னைத் தொட்டா எரியுதா? நீ எதுக்குடா தொங்கிட்டிருக்க?" என்று சிவப்பு தினமும் கேட்கும்.

ஒரு நாள் காலையில் பல்பு ஹோல்டரில் ஸ்க்ரூ தளர்ந்து கறுப்பு வயர் கழன்றுவிட்டது. பல்பு அணைந்தது. குஞ்சுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நடுங்கின.

"நான்தான் வந்து நிக்கிறேனே, எரியேன்!" என்று சிவப்பு கத்தியது.

"நீ வந்துட்டே அண்ணே. ஆனா கரண்ட் திரும்பிப் போக வழி இருந்தாத்தான் ஓடும். அந்த வழி அவன்தானே?" என்றது பல்பு.

சிவப்பு கீழே பார்த்தது. ஓரமாக இருந்த ஒரு குஞ்சுக்குக் கண் செருகிக்கொண்டிருந்தது.

"தம்பி, எட்டிப் பிடிடா! உன்னை இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்டா!"

கறுப்பும் துடித்தது. எட்டவில்லை.

நல்லவேளை, தீவனம் வைக்க வந்த செல்லக்கிளி பார்த்துவிட்டாள். சுவிட்சை அணைத்து, கறுப்பை மாட்டி, ஸ்க்ரூவை முடுக்கி, மறுபடி சுவிட்சைப் போட்டாள். பல்பு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் குஞ்சு தலையைத் தூக்கியது.

எதற்கும் இருக்கட்டும் என்று அவள் டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். சிவப்பில் எரிந்தது. கறுப்பில் எரியவில்லை.

"விடு தம்பி," என்றது சிவப்பு. "அதுக்கு என்னடா தெரியும்?"