துடைக்க வந்த குட்டிப் பிரவுசர்

“டிங்” என்ற சத்தத்தோடு தவசியப்பனின் போனுக்குள் வந்து குதித்தது குட்டிப் பிரவுசர்.

உள்ளே பெரிய பிரவுசர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. “பெண் பார்க்கப் போற தவசியப்பன் தலைக்கு விக் தேடினதை அவன் அக்காகிட்டக் காட்டிக்கொடுத்துட்டேன் தம்பி. விரட்டிட்டான்.”

“என்னை மூடினதும் எல்லாத்தையும் துடைச்சிடுவேன் அண்ணாச்சி. இடமும் கொஞ்சம் போதும்,” என்றது குட்டி.

தவசியப்பன் அதில் மறுபடி விக் தேடிவிட்டு மூடியதும், சொன்னபடியே சுவடே தெரியாமல் துடைத்தது.

தவசியப்பன் நிம்மதியாகப் பெண்ணுக்குச் செய்தி எழுத உட்கார்ந்தான். “ஞாயிறு” என்று தட்டியதும் கீபோர்டு ஆசையாக நீட்டிய சொற்களை அவசரத்தில் அமுக்கி அனுப்பிவிட்டான். “ஞாயிறு விக்கோடு வருகிறேன்” என்று போய்விட்டது.

“அடப்பாவி, நீ எதையும் மறக்கலையா?” என்றது குட்டி.

“என்னை யாருப்பா மறக்கச் சொன்னது?” என்றது கீபோர்டு.

“அனுப்பியதை அழிப்பது எப்படி?” என்று பதறித் தேடினான் தவசியப்பன். குட்டி பதிலைக் கொண்டுவருவதற்குள் பெண் படித்துவிட்டாள்.

அவன் மூடினான். குட்டி மறுபடியும் துடைக்க ஆரம்பித்தது.