மூக்குத்தி இருந்த பக்கம்

“என்னா பாய், இந்த வாட்டியும் மூக்குத்திய வலது பக்கமே வெட்டி வச்சிருக்கியே? போட்டோவுல எடது பக்கம் இருக்கறது கண்ணு தெரியலையா?”

தேரடித் தெரு பாத்திரக்கடை வாசலில் சகாதேவன் போட்ட சத்தத்தில், குடத்துக்குப் பேர் வெட்டக் காத்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சாந்த் பாஷா உளியைக் கீழே வைத்தார்.

“கோச்சுக்காதீங்க சார். ரொம்ப வருசம் முத்திரை வெட்டுன கை. அதுல எல்லாத்தையும் எடம் வலம் மாத்தித்தான் வெட்டணும். பழக்கம் போக மாட்டேங்குது.”

“போன பௌர்ணமிக்கும் இதையேதான் சொன்ன!”

மதிவதனிக்குப் பொறுக்கவில்லை. கல்லூரிக் கண்காட்சிக்காக பாஷாவின் காசுகளை வாங்க வந்தவள் அவள். பாத்திரத்துக்குப் பேர் வெட்டும் நேரம் போக, செல்லாத நாலணாக்களில் மயில், நந்தி, தேர் என்று செதுக்குவார் பாஷா. அந்த மாதிரி காசுகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்க்கிறவர் சகாதேவன். அக்குளில் எப்போதும் ஓர் ஆல்பம்.

“சார், ஒரு நிமிஷம். நாலணாவுல ஒரு முகத்தையே கொண்டாந்திருக்காரு. இது கலை. ரிப்பேருக்குக் குடுத்த குக்கர் இல்ல, தெருவுல நின்னு கத்துறதுக்கு.”

“நீ யாரும்மா?”

“யாரா இருந்தா என்ன? மாசா மாசம் வந்து இதே கூச்சல்தானாம், கடைக்காரரே சொல்றாரு. பிடிக்கலைன்னா வேற ஆளப் பாருங்க. ஒரு மனுஷன அவமானப்படுத்தித்தான் உங்க ஆல்பம் ரொம்பணுமா?”

சகாதேவன் போட்டோவைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“நியாயம்தான். இனிமே வரல பாய்.”

கிரிவலக் கூட்டத்துக்குள் தனியாக நடந்து போனார்.

“பாத்தீங்களா பாய்? யாராவது கேட்டாத்தான் அடங்குவாங்க!”

பாஷா சிரிக்கவில்லை. உளிப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு காசை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அதே பெண். அதே சிரிப்பு. மூக்குத்தி இடது பக்கம். கன்னத்துக் குழிகூட விழுந்திருந்தது.

“சரியா இருக்கே! இத ஏன் குடுக்கல?”

“அவரு சம்சாரம் பாப்பா. மவுத்தாயிட்டாங்க, இப்ப உசுரோட இல்ல. மொத மாசமே வெட்டிட்டேன். குடுக்கலாம்னு கையில எடுக்கறேன், அதுக்குள்ள அந்தம்மா எப்படிச் சிரிக்கும், எதுக்குக் கோச்சுக்கும், மூக்குத்தி வாங்கப் போன எடத்துல என்னா சண்டைன்னு பேச ஆரம்பிச்சாரு. சாயங்காலம் வரைக்கும் பேசினாரு. வேங்கிக்கால்ல தனி வீடு. அங்க பேச யாரும் இல்ல.”

பாஷா காசைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“இதக் குடுத்துட்டா வேலை முடிஞ்சிரும். அப்புறம் எதச் சொல்லிக்கிட்டு இங்க வந்து உக்காருவாரு? அதான் தப்புத் தப்பா வெட்டிக்கிட்டிருந்தேன். நீ தொரத்திவிட்டுட்டியே பாப்பா.”

மதிவதனி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

கற்பூரக் கடை ஓரமாக நின்று சகாதேவன் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார்!”

“இன்னும் என்னம்மா? அதான் வரலன்னுட்டேனே.”

வாயைத் திறந்தால் நியாயம் மட்டுமே பேசுகிறவள் என்று கல்லூரியில் அவளுக்குப் பெயர். மூச்சு வாங்க, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னாள்:

“நல்லாப் பாத்தேன் சார், நீங்க சொன்னதுதான் சரி. மூக்குத்தி மட்டுமா? கம்மலும் சரியில்ல, கொண்டையும் சரியில்ல. வாங்க, ரெண்டு பேருமா போய் பாயை ஒரு கை பாத்துருவோம்!”