கெங்கம்மாள் வீட்டு அண்டா

கெங்கம்மாளின் கருமாதிப் பந்தலைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அதற்குள் அடுத்த வீட்டுப் பொன்னியம்மாள் தறியை நிறுத்திவிட்டு வந்து, பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம். சீருக்கு அண்டா வாங்காமல் தப்பிக்கப் பார்க்கிறாள் என்று தெரு பேசியது.

மெட்ராசிலிருந்து வந்திருந்த இருபது வயதுப் பேத்தி புவனா முறத்தைத் தடவினாள், உரலைத் தடவினாள், கடைசியில் அண்டாவைக் கட்டிக்கொண்டாள்.

"தீபாவளிக்கு ஆயா இதுலதான் வெந்நீர் வச்சி எனக்குத் தலைக்கு ஊத்தும். இதை மட்டும் எடுத்துகினு போறேன் அத்தை."

"கண்டக்டர் பஸ்ல ஏத்த மாட்டானேம்மா."

"லக்கேஜ் போட்டுக்கறேன்."

"மெட்ராசுல குடிக்கிற தண்ணிக்கே பேஜாரு. அண்டாவுல எதை ஊத்துவே? அந்த உரலை எடுத்துகினு போயேன்."

"உரலை மட்டும் பஸ்ல ஏத்துவானா அத்தை?"

பொன்னியம்மாள் அண்டாவை இன்னும் ஒட்டி உட்கார்ந்தாள். சாவு வீட்டில் வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

புவனா புளியைக் கரைத்து, அண்டாவின் கழுத்தில் அப்பியிருந்த கரியைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க எழுத்து தெரிந்தது.

"அத்தை, இதுல உங்க பேரு வெட்டிகீதே?"

"எங்கம்மா எனக்குக் குடுத்த சீரும்மா அது. உனக்குப் பேரு வச்ச அன்னிக்கு விருந்து ஆக்கணும், ஒருநாளைக்குக் குடுன்னு உங்க ஆயா வாங்கிகினு வந்தாங்க" என்றாள் பொன்னியம்மாள். "அந்த ஒருநாளு இன்னிக்குத்தான் முடியுது போல."